பேஞ்சோவின் ஐந்தாவது பிருடை

பழைய வாத்தியக் கடைக்கு வருகிறவர்கள் இரண்டே வகை: தன் வீட்டுப் பொருள் லட்சம் பெறும் என்று நம்புகிறவர்கள், அடுத்தவர் வீட்டுப் பொருள் ஒன்றுக்கும் ஆகாது என்று நிரூபிக்கிறவர்கள். சில சமயம் ஒரே ஆள் காலையில் ஆர்மோனியம் விற்க வந்து முதல் வகையாகப் பேசிவிட்டு, மாலையில் டோலக் வாங்க வந்து இரண்டாவது வகையாகப் பேசுவார். இரண்டு பேச்சையும் கேட்டுக்கொண்டு நடுவில் உட்கார்ந்திருப்பவன் நான். பழைய பைக்கையோ, கல்யாணத்துக்கு வந்த பீரோவையோ விற்றுப் பார்த்தவர்கள் உங்களில் நிறையப் பேர் இருப்பீர்கள். நான் பட்டதைச் சொன்னால் உங்களுக்குப் புரியும்.

சித்தூரில் முப்பது வருஷமாகக் கடை வைத்திருக்கிறேன். ஆர்மோனியம், தபலா, கிடார், கீபோர்டு என்று எது வந்தாலும் வாங்குவேன், பழுது பார்ப்பேன், விற்பேன். பஜனைக் குழுக்களும் சர்ச்சுகளும் கல்லூரி விழாக்களும் இருக்கிற வரை வியாபாரத்துக்குக் குறை இல்லை. குறை எல்லாம் என் சுபாவத்தில்தான். ஒரு வேலையைச் செய்து கொடுத்துவிட்டு, சரியாகத்தான் செய்தோமா என்று பத்து நாள் யோசிப்பேன். ஐம்பத்தாறு வயதில் இது இன்னும் முற்றிவிட்டது. பத்து நாளில் தீராமல் பல வருஷம் யோசிக்க வைத்த ஒரு வேலையும் உண்டு. அது போன வருஷம் ஒரு யூரியா சாக்கில் திரும்பி வந்தது.

சாக்குக்குள் ஒரு முகம்

ஒரு திங்கட்கிழமை காலை, அந்தச் சாக்கை இடுப்பில் இடுக்கிக்கொண்டு ஒரு பெண் கடையேறினார். பெயர் கோவிந்தம்மா. நாற்பது, நாற்பத்தைந்து வயது இருக்கும். தமிழ்நாட்டு எல்லையை ஒட்டி ஒரு கிராமம். சாக்கின் வாயை அவிழ்த்ததும் உள்ளேயிருந்து ஒரு முகம் என்னைப் பார்த்தது. வட்ட முகம், முழுக்கச் சந்தனம், நடுவில் ரூபாய் அளவுக்குக் குங்குமம். ஏதோ அம்மன் என்று நினைத்து என் கை பாதி கூப்பிவிட்டது. பிறகு அந்த முகத்தோடு சேர்ந்து நீளமாக ஒரு கழுத்தும், கழுத்தில் தந்திகளும் வெளியே வந்தன. பேஞ்சோ.

எங்கள் பக்கம் பேஞ்சோ என்றால் டைப்ரைட்டர் மாதிரி பட்டன் வைத்த நீளப் பெட்டி. பஜனையில் மடியில் படுக்கப்போட்டு வாசிப்பார்கள். இது அமெரிக்காக்காரர்களுடைய பேஞ்சோ. வட்டமான மர வளையத்தில் தோல் கட்டி, கிடார் மாதிரி கழுத்து வைத்தது. கோவிந்தம்மாவின் தாத்தா ஒரு அமெரிக்கப் பாதிரியாரின் பங்களாவில் தோட்ட வேலை பார்த்தவர். பாதிரியார் ஊருக்குத் திரும்பும்போது கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். தாத்தாவுக்குப் பிறகு நைனா, அதாவது அப்பா, வாசித்தார். அவரும் தவறி ஒரு வருஷம் ஆகியிருந்தது. ஆயுத பூஜைக்கு அரிவாள், மண்வெட்டி, தையல் மெஷினோடு இதையும் வைத்துச் சந்தனம் பூசுவது அவர்கள் வீட்டு வழக்கம். மறுநாள் மற்றதையெல்லாம் துடைத்துவிடுவார்கள். இது வேலைக்குப் போகிற சாமான் இல்லை என்பதால் துடைக்கவில்லை. வருஷத்துக்கு ஒரு பூச்சு ஏறிக்கொண்டே போயிருக்கிறது.

எதற்கு விற்கிறீர்கள் என்று கேட்டேன். அவர் ஒரு இன்ஜினியரிங் கல்லூரிக்குப் பக்கத்தில் இட்லி மாவு அரைத்து விற்கிறார். வீட்டுக் கிரைண்டர் விடியற்காலை முதல் ஓடி ஓடிப் புகைய ஆரம்பித்துவிட்டது. சித்தூரில் ஒரு ஓட்டல் கைமாறியபோது பெரிய கிரைண்டர் ஒன்று விலைக்கு வந்திருந்தது. முப்பத்தைந்தாயிரம். ஞாயிற்றுக்கிழமை வரை வேறு யாருக்கும் கொடுப்பதில்லை என்று அதை விற்கிற கடைக்காரர் வாக்குக் கொடுத்திருக்கிறார். கையில் ஆறு நாள்.

"கிரைண்டருக்கு ஆவற அளவுக்கு வந்தா போதும்ணா," என்றார் கோவிந்தம்மா. "அதுக்கு மேல வந்தா வேணாம்னு சொல்லமாட்டேன்."

பலாமரத் தக்கை

வாத்தியத்தை அடையாளம் காண முதலில் அதைக் கவிழ்க்க வேண்டும். முன்பக்கம் யார் வேண்டுமானாலும் பாலிஷ் போட்டிருப்பார்கள். பின்பக்கம் பொய் சொல்லாது. வளையத்துக்குள் குறுக்காக ஒரு கட்டை ஓடியது. அதில் கம்பெனி முத்திரை. பெயரில் பாதி தேய்ந்துபோயிருந்தாலும் ஒரு அமெரிக்க ஊரின் பெயரும் கீழே ஒரு எண்ணும் படிக்கக் கிடைத்தன. தோலை இழுத்துப் பிடிக்கும் கொக்கிகளை எண்ணினேன். இருபத்து நாலு, ஒன்றும் குறையவில்லை. தோலுக்கு அடியில் பித்தளை வளையம். எல்லாம் பழசு, எல்லாம் அசல். எனக்கு உற்சாகமாக இருந்தது. தந்திகள் ஏறி நிற்கிற சின்னக் கட்டையைக் குதிரை என்போம். குதிரையில் தந்தி உட்கார ஐந்து வெட்டுகள் இருந்தன. தந்திகளை எண்ணினேன். நாலு.

உற்சாகம் அதோடு நின்றது. கழுத்தின் ஓரமாக, குறுக்கே பதித்த மெட்டுக் கம்பிகளில் ஐந்தாவதுக்குப் பக்கத்தில் விரலால் தடவினேன். கண்ணாடி போட்டுப் பார்த்தேன். சுண்டுவிரல் நகம் அளவுக்கு ஒரு வட்டம். சுற்றியிருந்த மரம் சிவப்பு, அந்த வட்டம் மட்டும் மஞ்சள். பலாமரம். அமெரிக்காவில் பலாமரத்துக்கு எங்கே போவார்கள்? அந்தத் தக்கையைச் செதுக்கி வைத்து அடைத்தவன் நான்தான்.

கடை போட்ட முதல் வருஷம் அது. ஒல்லியாக ஒருவர் இந்தப் பேஞ்சோவைக் கொண்டுவந்தார். தந்தியை முறுக்கும் ஆணிக்குப் பிருடை என்று பெயர். மற்ற நாலு பிருடையும் ஒழுங்காகத் தலையில் இருக்க, ஒன்று மட்டும் கழுத்து நடுவில் துருத்திக்கொண்டு ஆடிக்கொண்டிருந்தது. "ஆடுதே, இது எதுக்குப்பா?" என்று கேட்டார். தெரியாது என்று சொல்லும் பழக்கம் அப்போது என்னிடம் இல்லை. "யாரோ தெரியாத்தனமா வெச்சிருக்காங்க. வேஸ்ட்டு" என்றேன். பிடுங்கி, ஓட்டையை அடைத்து, இழைத்து, பாலிஷும் போட்டுக் கொடுத்தேன். வீணையின் பக்கவாட்டில் மூன்று தாளத் தந்திகள் இருக்கின்றன. தினமும் வீணையைப் பார்க்கிறவன், பக்கத்தில் ஒரு தந்தி இருந்தால் அதற்கும் ஒரு வேலை இருக்கும் என்று ஏன் யோசிக்கவில்லை? இந்த வகைப் பேஞ்சோவுக்கு அந்த ஐந்தாவது தந்திதான் உயிர் என்று பல வருஷம் கழித்து, போனில் ஒரு வீடியோ பார்த்தபோது தெரிந்தது. அன்றிலிருந்து அந்த ஒல்லி மனிதரை நினைக்காமல் ஒரு மாதம் போனதில்லை. இப்போது அவருடைய மகள் என்னை நம்பி வந்திருக்கிறார்.

என் கடையில் தோல் கட்டுகிறவர் ரஹீம் பாய். அவரிடம் எதையும் சொல்லாமல் பேஞ்சோவை நீட்டினேன். மேலும் கீழும் பார்த்தவர், தக்கையின் மேல் நகத்தை ஓட்டினார். ஓரம் எங்கே என்று நகத்துக்குத் தட்டுப்படவில்லை.

"கார்பெண்டர் வேலை நல்லா தெரிஞ்ச ஆளு செஞ்சிருக்கான் ஜீ," என்றார். "மியூசிக்தான் தெரியாது, பாவம்."

பட்டன் எங்கே

வாத்திய வியாபாரிகளுக்கென்று எங்களுக்கு ஒரு வாட்ஸாப் குழு இருக்கிறது. படம் எடுத்து, 'பழைய பேஞ்சோ விற்பனைக்கு' என்று போட்டேன். மறுநாள் காலையில் காணிப்பாக்கம் பக்கத்திலிருந்து ஒரு பஜனைக் குழுத் தலைவர், ஒரே பைக்கில் இன்னும் இரண்டு பேரை ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார். படத்தில் சந்தனம் மட்டுமே தெரிந்ததால் எழுத்தை நம்பி வந்திருந்தார். கையில் கொடுத்ததும் வழக்கப்படி மடியில் படுக்கப்போட்டார். இடது கை விரல்கள் பட்டனைத் தேடிக் கழுத்து முழுக்க நடந்துவிட்டு வெறுமனே திரும்பின. கூட வந்தவர் பின்பக்கம் இருக்குமோ என்று கவிழ்த்துப் பார்த்தார்.

இது வேறு வகை என்று விளக்கினேன். மூன்று பேரும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்கள். ஆனால் பெட்ரோல் செலவழித்து வந்தவர்களுக்கு வெறுங்கையோடு போக மனம் வரவில்லை. இரண்டாமவர் தோலைத் தட்டிப் பார்த்துவிட்டு, இந்தக் கழுத்தை மட்டும் அறுத்துவிட்டால் நல்ல டப்பு மேளம் ஆகிவிடும், அறுக்கலாமா என்றார். நான் பேஞ்சோவைப் பிடுங்கி என் மடியில் வைத்துக்கொண்டேன். திட்ட வாயெடுத்தேன். அவர் அறுக்கலாமா என்று கேட்கவாவது செய்தார், நான் அதுகூடக் கேட்கவில்லையே என்று தோன்றியதும் வாயை மூடிக்கொண்டேன். தலைவர் எழுந்து வேட்டியைச் சரிசெய்துகொண்டார்.

"கம்பெனிக்காரன் பட்டன் போட மறந்துட்டான் சார்," என்றார். "கொஞ்சம் கொறச்சிக் குடுங்க, நாங்களே போட்டுக்கறோம்."

சாமிக்கு டிக்கெட்

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் கோவிந்தம்மா போன் செய்து, "யாராச்சும் கேட்டாங்களாண்ணா?" என்றார். பஜனைக்காரர்களைப் பற்றிச் சொன்னேன், சிரித்தார். அந்தச் சிரிப்போடு சிரிப்பாகத் தக்கை விஷயத்தையும் சொல்லியிருக்கலாம். திருப்பதிக்கு எடுத்துப் போகிறேன் என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டேன். திருப்பதியில் என் நண்பர் வரதன் கடை வைத்திருக்கிறார். வெளிநாட்டு வாத்தியங்களுக்கு விலை சொல்ல எங்கள் பக்கத்தில் அவரைவிட்டால் ஆள் இல்லை. தரிசனத்துக்கு வரும் வெளியூர்க்காரர்கள் அவர் கடைக்கும் ஒரு நடை வருவார்கள்.

புதன்கிழமை பஸ்ஸில் கூட்டம். பேஞ்சோவைச் சாக்கில் போட மனமில்லாமல் மஞ்சள் துணியில் சுற்றி எடுத்துப் போயிருந்தேன். அதுதான் தப்பு. காற்றில் துணி விலகியதும் சந்தன முகம் வெளியே வந்துவிட்டது. முன் சீட்டிலிருந்த ஒரு தெலுங்கு அம்மாள் சட்டென்று எழுந்து எனக்கு இடம் கொடுத்தார். வேண்டாம் என்றேன், அவர் கேட்கவில்லை. எந்த ஊர் அம்மன் என்று விசாரித்தார். பொய் சொல்லக்கூடாது என்று, "அமெரிக்கா" என்றேன். இப்போதெல்லாம் அங்கேயும் நிறையக் கோயில்கள் வந்துவிட்டன என்று பக்கத்திலிருந்தவருக்குச் சொன்னார். இரண்டு பேரும் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். அந்தச் சமயம் கண்டக்டர் வந்து சேர்ந்தார். சாமானுக்கும் சேர்த்து டிக்கெட் கேட்பார் என்று நான் பணத்தை எடுத்தேன். அவர் முதலில் செருப்பைக் கழற்றினார்.

"சாமிக்கு டிக்கெட் வேணாம் லேண்டி," என்றார் தெலுங்கு கலந்து. "உங்களுக்கு மட்டும் எடுங்க."

மகாபாவியின் தையல்

வரதன் திருமலைக் கோயில் கைங்கர்யக் குடும்பத்தைச் சேர்ந்தவர். அண்ணன்மார் இருவரும் கோயிலுக்குப் போக, இவர் மட்டும் வயலின் ரிப்பேருக்கு வந்துவிட்டார். ஆனாலும் எந்தப் பொருளையும் இரண்டு கையாலும்தான் வாங்குவார். பேஞ்சோவை அப்படி வாங்கி மேஜையில் துணி விரித்துக் கிடத்தினார். குறுக்குக் கட்டையின் எண்ணைக் குறித்துக்கொண்டு கம்ப்யூட்டரில் அரைமணி நேரம் தேடினார். நூறு வருஷத்துக்கு மேல் ஆன சரக்கு, பெரிய பெயர் இல்லாவிட்டாலும் நல்ல கம்பெனி, அசலாக இருந்தால் வாசிக்கிறவன் நாற்பத்தைந்தாயிரம் வரை கொடுப்பான் என்றார். என் மனத்தில் அந்தக் கிரைண்டர் ஓட ஆரம்பித்தது.

பிறகு அவர் விரல் கழுத்தின் ஓரத்துக்கு வந்தது. நான் சுவரில் மாட்டியிருந்த காலண்டரைப் படிக்க ஆரம்பித்தேன். வரதன் கண்ணாடியைக் கழற்றி, துடைத்து, மறுபடி போட்டுக்கொண்டு பார்த்தார். இனிமேல் முப்பதுக்கு மேல் ஒருவரும் தரமாட்டார்கள், இதைச் செய்தவன் தன் கடைக்கு வந்தால் உள்ளே விடமாட்டேன் என்றார். நான் அவர் கடைக்குள் அவர் வாங்கிக் கொடுத்த காபியைக் குடித்துக்கொண்டிருந்தேன். முப்பதுக்கும் முப்பத்தைந்துக்கும் நடுவில் இருக்கிற அந்த ஐந்து என் தக்கைதான். சொல்லிவிடலாம் என்று டம்ளரைக் கீழே வைத்தேன். வரதன் விடவில்லை.

"குடலை உருவிண்டு, வயித்தைத் தெச்சு, பவுடர் போட்டு அனுப்பியிருக்கான் மகாபாவி," என்றார். "தையல் மட்டும் பிரமாதம், ஓய்."

இரண்டு மொட்டைகள்

வெள்ளிக்கிழமை வரதன் போன் செய்தார். பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் தமிழர் ஒருவர், நாலு வருஷமாக இணையத்தில் பேஞ்சோ கற்றுக்கொள்கிறாராம். மலைக்கு வந்திருக்கிறார், படத்தைப் பார்த்துவிட்டார், சனிக்கிழமை இறங்கி வருகிறார். பொருளுக்குச் சொந்தக்காரர் நேரில் இல்லாமல் நான் விலை முடிப்பதில்லை. முடித்தால், 'நான் இருந்திருந்தா இன்னும் ரெண்டாயிரம் கேட்டிருப்பேன்' என்பதைக் காலமெல்லாம் கேட்க வேண்டிவரும். அதனால் கோவிந்தம்மாவையும் வரதன் கடைக்கு வரச் சொன்னேன். நல்ல புடவை கட்டிக்கொண்டு, வரதனுக்கு ஒரு டப்பா நிறைய மாவும் எடுத்துக்கொண்டு வந்திருந்தார்.

பெங்களூர்க்காரர் உள்ளே வந்ததும் நாங்கள் அவரையும் மேஜையையும் மாறி மாறிப் பார்த்தோம். மலையில் முடி கொடுத்த தலை, முழுக்கச் சந்தனம். மேஜையில் பேஞ்சோ, அதற்கும் முழுக்கச் சந்தனம். குங்குமம் மட்டும்தான் வித்தியாசம். அவரே முதலில் சிரித்துவிட்டதால் நாங்களும் சிரித்தோம். நாற்காலியில் உட்கார்ந்து சுருதி சேர்த்து நாலு தந்தியையும் மீட்டினார். அவருடைய கட்டைவிரல் மட்டும் ஒவ்வொரு தடவையும் மேலே போய் இல்லாத தந்தியைத் தேடியது. அதைப் பார்க்க முடியவில்லை எனக்கு. வாத்தியத்தைக் கீழே வைத்துவிட்டு, முப்பதாயிரம் தரலாம் என்றார். அந்தத் தந்திக்குத்தான் பேஞ்சோ வாங்குவது, கண்ட ஆளிடம் கொடுத்துத் துளை போடச் சொன்னால் கழுத்தே பிளந்துவிடும் என்றார். அவர் சொன்னதில் தப்பில்லை.

கோவிந்தம்மா புடவைத் தலைப்பைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஒரு வார்த்தை கூடக் கேட்கவில்லை. அவர் கேட்டிருந்தால்கூட நான் இன்னும் கொஞ்சம் தாக்குப்பிடித்திருப்பேன். "அதை அடைச்சது நான்தான்" என்றேன். யாருக்கும் விளங்காதது போல் இருந்ததால் இன்னொரு தடவை சொன்னேன். கடை போட்ட வருஷம், தெரியாமல், பலாமரத்தில் என்று எல்லாவற்றையும் சொன்னேன். வரதன், "நீரா?" என்று மட்டும் கேட்டுவிட்டு மாவு டப்பாவைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். கோவிந்தம்மா என்னை நிமிர்ந்து பார்த்தார். அந்தப் பார்வையில் என்ன இருந்தது என்று என்னால் படிக்க முடியவில்லை. பெங்களூர்க்காரர் மட்டும் தன் தலைச் சந்தனத்தைச் சொறிந்தபடி யோசித்தார்.

"அடைச்சது நீங்கன்னா, எவ்வளவு ஆழம், என்ன பசைன்னு உங்களுக்குத்தான் சார் தெரியும்," என்றார். "நீங்களே திறங்க. திறந்தா நாற்பது."

வச்சிரம் இளகியது

அந்தக் காலத்தில் எனக்குத் தெரிந்த ஒரே பசை வச்சிரம், தோலைக் காய்ச்சி எடுப்பது. சூடு பட்டால் இளகும். இப்போது நான் உபயோகிக்கிற பசையாக இருந்திருந்தால் அன்றைக்குக் கதை முடிந்திருக்கும். அனுபவம் இல்லாததும் ஒருவிதத்தில் நல்லதுதான் போலிருக்கிறது. ஈரத்துணியைத் தக்கை மேல் வைத்து, காய்ச்சிய கம்பியால் ஒற்றி ஒற்றி எடுத்தேன். வரதன் பக்கத்தில் நின்று, "மெதுவா, மெதுவா" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். ஒரு மணி நேரத்துக்குப் பிறகு தக்கை முழுசாக, பாட்டில் மூடி மாதிரி கையோடு வந்தது. அடியில் பழைய துளை ஒரு கீறல்கூட இல்லாமல் இருந்தது. மற்றவர்கள் துளையைப் பார்த்துச் சந்தோஷப்பட்டார்கள். நான் தக்கையைப் பார்த்தேன். நல்ல தக்கை.

வரதன் தன் பெட்டியிலிருந்து ஒரு வயலின் பிருடையை எடுத்து, துளைக்குத் தக்கபடி சீவிக் கொடுத்தார். பெங்களூர்க்காரர் காரிலிருந்து தந்தி கொண்டுவந்தார். குதிரையின் காலி வெட்டில் ஐந்தாவது தந்தி உட்கார்ந்தது. அவர் வாசித்தபோது நாலு தந்தியும் எங்கெங்கோ ஓட, அந்த ஒன்று மட்டும் ஒரே இடத்தில் நின்றுகொண்டு ணிங், ணிங் என்று அழைத்துக்கொண்டே இருந்தது. வெளியே போய்க்கொண்டிருந்த இரண்டு பேர் நின்று எட்டிப் பார்த்தார்கள். சந்தனம் அப்பிய தோல் என்பதால் சத்தம் மெத்தென்று வந்தது. அது ஒரு குறை என்று வரதன் ஈரத்துணியை எடுத்துக்கொண்டு துடைக்கப் போனார். பெங்களூர்க்காரர் பதறித் தடுத்தார்.

"அது அப்படியே இருக்கட்டும் சார்," என்றார். "பழைய பேஞ்சோவோட சத்தத்துக்கு அபார்ட்மெண்ட் செக்ரட்டரி ரெண்டு தடவை லெட்டர் குடுத்துட்டார்."

பஸ் ஸ்டாண்டில்

பேசியபடி நாற்பது கொடுத்துவிட்டுப் பெங்களூர்க்காரர் கிளம்பிப் போனார். நானும் கோவிந்தம்மாவும் சித்தூர் பஸ்ஸுக்காகத் திருப்பதி பஸ் ஸ்டாண்டில் நின்றோம். கிரைண்டர் கடைக்காரருக்குப் போன் செய்து, காலையில் ஆட்டோ எடுத்துக்கொண்டு வருகிறேன் என்று கோவிந்தம்மா சொல்லிவிட்டார். அவர் காரியம் முடிந்தது. என் காரியம் முடியவில்லை. கிரைண்டர் கிடைத்துவிட்டது என்பதற்காக, ஒரு மனிதர் வாழ்நாள் முழுக்க நாலு தந்தியில் வாசித்தது சரியாகிவிடுமா? இரண்டு டீ வாங்கிவந்து ஒன்றை அவரிடம் கொடுத்தேன்.

"உங்க நைனாகிட்டக் கேட்டிருக்க வேண்டிய மன்னிப்பு," என்றேன். "தெரிஞ்ச மாதிரி பேசி, அவர் வாத்தியத்தைக் கெடுத்துட்டேன். உங்ககிட்டயாவது கேட்டுக்கறேன்."

கோவிந்தம்மா டீயை ஊதிக்கொண்டே என்னைப் பார்த்தார். பிறகு தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தார். டீ சிந்தியது.

"நீ ஒண்ணுண்ணா. அங்க கடையில நான் ஏன் வாயத் தொறக்காம குந்திகினு இருந்தேன்னு நெனச்சே? இது எங்க நைனா பண்ண வேலைன்னு தெரிஞ்சா விலைய இன்னும் கொறச்சிடுவாங்களோன்னு பயந்துகினு இருந்தேன். நீ பாட்டுக்கு நான்தான் நான்தான்னு சொல்லிக்கினு இருந்தே. சரி, அண்ணன் நமக்காகப் பழிய ஏத்துக்கினாரு, நல்ல மனுஷன்னு உட்டுட்டேன்."

எனக்குப் புரியவில்லை. உங்கள் நைனா என்ன செய்தார் என்று கேட்டேன்.

"எங்க தாத்தாவுக்குப் பேஞ்சோ வாசிக்கவே தெரியாது. அந்த அஞ்சாவது தந்திய மட்டும் காலையில இருந்து ணிங் ணிங்னு தட்டிக்கினே இருப்பாராம். நைனாவுக்கு அந்தச் சத்தம் கேட்டாலே சோறு எறங்காது. தாத்தா போனதும் மொத வேலையா அத எடுத்துடச் சொல்லித் திருப்பதியில ஒரு கடைக்கு எடுத்துக்கினு போனாரு. அவங்க மகா பாவம், செய்யமாட்டோம்னு திருப்பி அனுப்பிட்டாங்க."

சித்தூர் பஸ் வந்து நின்றது. ஆட்கள் ஏற ஆரம்பித்தார்கள். கோவிந்தம்மா டம்ளரை வைத்துவிட்டு, பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, படியில் கால் வைத்தபடி திரும்பினார்.

"அப்பறம்தான், 'சித்தூர்ல ஒரு புள்ள புதுசா கடை போட்டிருக்கான், எல்லாம் தெரிஞ்சவன் மாதிரி பேசறான், ஆணிய லேசா தளத்தி எடுத்துக்கினு போனா அவனே வேஸ்ட்டுன்னு புடுங்கிடுவான்'னு சொல்லிட்டு உன்கிட்ட வந்தாரு."

முப்பது வருஷத் தொழிலில் முழுக்க முழுக்க என்னுடையது என்று நான் பத்திரமாக வைத்திருந்தது அந்த ஒரு தப்புதான், கடைசியில் அதுவும் வாடிக்கையாளர் சொல்லிச் செய்த வேலையாகப் போய்விட்டது.